செலவு நம்மூருக்கு, வரவு அடுத்த ஊருக்கு!

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகத்தான் தெரியும். இந்த வாரம் அப்படி ஒரு கணக்கு. பேனா வேண்டாம், மனசிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போடுகிற ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெண். பிளஸ் டூவில் நல்ல மார்க். பக்கத்து டவுனில் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்க்கிறார். பேங்க் லோன் கொஞ்சம், அடகு வைத்த நகை கொஞ்சம், அரசாங்கம் தருகிற முதல் பட்டதாரி சலுகை கொஞ்சம். நாலு வருஷம் எப்படியோ ஓடிவிடுகிறது. பெண் கெட்டிக்காரி. பெங்களூருவில் வேலை கிடைக்கிறது. அங்கே வாடகை கொடுக்கிறாள், ஸ்கூட்டர் வாங்குகிறாள், ஓட்டலில் சாப்பிடுகிறாள், பின்னால் ஒரு ஃபிளாட்டும் வாங்குவாள். தொழில் வரிகூட கர்நாடக அரசுக்குத்தான்.

இப்போது சொல்லுங்கள். செலவு எந்த ஊர்க் கணக்கில்? வரவு எந்த ஊர்க் கணக்கில்?

பெண் மேல் தப்பே இல்லை. அப்பா மேலும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இது லாபக் கணக்குதான். நான் கேட்பது ஊரைப் பற்றி. ஏனென்றால் 'ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டால் போதும், பகுதியே தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும்' என்று நாம் பல வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். மேடை தவறாமல் அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் கை தட்டுகிறோம்.

வெறும் மேடைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆதரவாக ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது.

*

அன்னா வலேரோ, ஜான் வான் ரீனன் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள். 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2019-ல் அது கல்விப் பொருளாதாரத்துக்கான ஓர் ஆய்விதழிலும் அச்சாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அசுர உழைப்பு. 78 நாடுகள், அவற்றுக்குள் சுமார் 1,500 வட்டாரங்கள், அங்கே இருக்கிற ஏறக்குறைய 15,000 பல்கலைக்கழகங்கள். எது எங்கே, எந்த வருஷம் தொடங்கியது என்று யுனெஸ்கோ ஆவணங்களிலிருந்து திரட்டி, 1950 முதல் 2010 வரை அந்த வட்டாரங்களின் வளர்ச்சியோடு பொருத்திப் பார்த்தார்கள்.

கிடைத்த விடை இது. ஒரு வட்டாரத்தில் மக்கள்தொகைக்கு இத்தனை என்ற விகிதத்தில் பல்கலைக்கழகங்கள் இரண்டு மடங்கானால், பிற்பாடு அங்கே தனிநபர் உற்பத்தி சுமார் 4 சதவிகிதம் கூடுதலாக இருக்கிறது. பக்கத்து வட்டாரத்துக்கும் அதன் பலன் கொஞ்சம் கசிகிறது.

'அட, மாணவர்கள் வந்தால் ஹாஸ்டல், மெஸ், டீக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் பெருகுமே, அதைச் சொல்கிறார்களா?' என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் செலவால் மட்டும் வந்த வளர்ச்சி இல்லை என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, மேடையில் பேசுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு மூன்று இடத்தில் உறுத்துகிறது.

ஒன்று, அந்த 4 சதவிகிதம். இரண்டு மடங்காக்கினால்தான் 4. ஒரு மாவட்டத்தில் இருப்பதைப் போல இன்னொரு பங்கு கட்டி, ஆசிரியர் போட்டு, சம்பளம் கொடுத்து, பல வருஷம் காத்திருந்தால் கிடைப்பது அது. வேண்டாம் என்று சொல்லும் தொகை இல்லை. ஆனால், ஊரே தலைகீழாக மாறிவிடும் என்று வாக்குக் கொடுக்கிற அளவுக்கான தொகையும் இல்லை.

இரண்டு, படித்த ஆட்கள் பெருகுவது, புதுக் கண்டுபிடிப்புகள் பெருகுவது என்ற இரு வழிகளிலும் வரும் பங்கு பெரிசாக இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாம் பல்கலைக்கழகம் கேட்பதே அந்த இரண்டுக்காகத்தானே?

மூன்றாவதுதான் முக்கியம். இது எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. பந்தியில் விழுந்த இலைகளை எண்ணினால் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று தெரியும். யாருக்கு வயிறு நிறைந்தது என்று தெரியாது. ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகமும் ஒன்றுதான், பரீட்சை நடத்தி மார்க் ஷீட் அடித்துக் கொடுக்கிற பல்கலைக்கழகமும் ஒன்றுதான் என்று எண்ணிக்கை சொல்லும்.

78 நாடுகளுக்குச் சராசரி போடும்போது இது பெரிய குறையாகத் தெரியாது. தமிழ்நாட்டை எடுத்தால் கண்ணைக் குத்தும்.

*

நம் கதையைப் பாருங்கள். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை. 1966-ல் மதுரை. 1971-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம். 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம். அப்புறம் மளமளவென்று மற்ற ஊர்களுக்கும் வந்தது. 1982-ல் கோவைக்கு பாரதியார், திருச்சிக்கு பாரதிதாசன். 1985-ல் காரைக்குடிக்கு அழகப்பா. 1990-ல் திருநெல்வேலிக்கு மனோன்மணியம் சுந்தரனார். 1997-ல் சேலத்துக்குப் பெரியார். 2002-ல் வேலூருக்குத் திருவள்ளுவர்.

வரைபடத்தில் புள்ளி வைத்தால் அழகாகப் பரவியிருக்கும். இதனால் நடந்த நல்லதை மறைக்கக் கூடாது. சென்னையில் மட்டுமே காலேஜ் இருந்திருந்தால் வாசல்படி தாண்டியிருக்காத பெண்கள், டவுன் பஸ்ஸில் போய்ப் படித்துப் பட்டதாரி ஆனார்கள். 2021-22 கணக்குப்படி, உயர்கல்வியில் சேருகிறவர்களின் விகிதம் நாடு முழுக்க 28.4, தமிழ்நாட்டில் 47. பள்ளிக்கூடம், சத்துணவு, இட ஒதுக்கீடு, பஸ் வசதி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. காலேஜை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அதில் ஒரு கை.

ஆனால், புள்ளி வைத்த இடத்திலெல்லாம் நாம் வைத்தது என்ன? பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, பட்டம் கொடுக்கிற தலைமை அலுவலகங்களை. நல்ல துறைகள், நல்ல பேராசிரியர்கள் அங்கங்கே உண்டு. அவர்கள் மன்னிக்கட்டும். ஆனால், பெரும்பாலான நிர்வாகத்தின் நேரமும் சக்தியும் போவது பரீட்சைக்குத்தான்.

போர்டு மாற்றுவதை நாம் எவ்வளவு சுலபமாக நினைக்கிறோம் என்பதற்கு இரண்டு உதாரணம். 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து திருச்சி, கோவை, திருநெல்வேலிக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். 2010-ல் மதுரைக்கும் ஒன்று. 2011-ல் ஆட்சி மாறியது. எல்லாவற்றையும் பழையபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று இன்னும் வேகம். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியது. அதே ஆகஸ்ட் முடிவதற்குள் அதை அண்ணாமலையோடு இணைக்கும் மசோதாவும் வந்துவிட்டது. பெட்டிக்கடைகூட ஒரு வருஷமாவது ஓடும் சார்!

பிரித்தவர்கள் சரியா, சேர்த்தவர்கள் சரியா என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பிரித்தபோது விழுப்புரத்துக் கரும்பு விவசாயிக்கோ, திருச்சி ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரருக்கோ என்ன கிடைத்தது? சேர்த்தபோது என்ன போயிற்று? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், அங்கே வந்ததும் போனதும் பல்கலைக்கழகமா, போர்டா?

*

சரி, போர்டு இல்லை, நிஜமான படிப்பும் ஆராய்ச்சியுமே ஒரு ஊருக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊர் வளர்ந்துவிடுமா?

காரைக்குடிக்கு வாருங்கள். அழகப்பச் செட்டியார் மாதிரி ஒரு வள்ளல் எந்த ஊருக்குக் கிடைப்பார்? 1947-ல் கல்லூரி தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். 1948-ல் அடிக்கல் நாட்டியவர் நேரு. டெல்லிக்காரர்கள் திரும்பிப் பார்த்த விஷயம் அது. பேட்டரி, உலோக அரிப்பு என்று அங்கே நடக்கிற ஆராய்ச்சி உலகத் தரமானது. பிற்பாடு பல்கலைக்கழகமும் வந்தது. ஊருக்குப் படிப்பு வந்தது, பெயர் வந்தது. ஆனால், கோயமுத்தூர் மாதிரி ஒரு தொழில் வட்டாரம் வரவில்லை.

அதே 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ஆரம்பமானது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனால், தோல் நிலையத்துக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடுகிறவர்கள் இருந்தார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியபோது, முழுத் தோலாக, ஷூவாக, பையாக மாற்றிக் கொடுக்கும் தொழில்நுட்பம் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கேட்கிற கை இருந்தது, கொடுக்கிற கையும் இருந்தது. (பாலாற்றுக்கு நேர்ந்த கதி வேறு கதை. அதற்குத் தனியாக ஒரு வாரம் அழ வேண்டும்.)

காரைக்குடியில் கொடுக்கிற கை இருந்தது. கேட்கிற கை பக்கத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிதம்பரமும் அப்படித்தான். 1929 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. எத்தனையோ மாநிலத்துப் பிள்ளைகள் வந்து படித்தார்கள். ஊரில் பெரிய தொழிற்சாலை எதுவென்று கேட்டால், பல்கலைக்கழகத்தைத்தான் காட்ட வேண்டும். வேலை கொடுக்கும் இடமாகவே அது வீங்கி, நிதி நெருக்கடியில் மாட்டி, 2013-ல் அரசு நிர்வாகத்தை ஏற்க வேண்டியதாயிற்று. தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களை வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றினார்கள். ஊருக்குச் சோறு போட வேண்டிய படிப்பு, ஊரிடமே சோற்றுக்கு நின்ற கதை.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். திருப்பூர். வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர் இல்லை. ஓசூர், 1980-களிலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள். அங்கேயும் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் இல்லை.

'அப்போ படிப்பே வேண்டாமா?' என்று கோபப்படாதீர்கள். திருப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டரில் கோவை. ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. 'பக்கத்து வட்டாரத்துக்கும் கசிகிறது' என்று அந்த ஆராய்ச்சி சொன்னது இங்கே சரியாகப் பொருந்துகிறது. பக்கத்து ஊர் ஆட்களையும் பட்டறைகளையும் வைத்து இவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். முதுகுளத்தூருக்கு அப்படி ஒரு பக்கத்து ஊர் இல்லை. அங்கேதான் சிக்கல்.

*

கோவையில் மட்டும் எப்படி இரண்டும் சேர்ந்தது? தேதிகளை வரிசையாகப் போட்டால் புரியும்.

1888-ல் முதல் நூற்பாலை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் இருந்தால் மெஷின் ரிப்பேராகும். ரிப்பேருக்குப் பட்டறை, பட்டறைக்கு ஃபவுண்டரி. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார், பம்ப். இத்தனையும் கிளம்பிய பிறகு அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை. 1945-ல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். 1951-ல் பி.எஸ்.ஜி. டெக். 1956-ல் சி.ஐ.டி. அதே 1956-ல் மில்காரர்களே சேர்ந்து ஜவுளி ஆராய்ச்சிக்கு 'சிட்ரா'. பாரதியார் பல்கலைக்கழகம் வந்தது 1982-ல். கடைசியில்.

தொழில் முன்னால் போயிற்று. படிப்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அப்புறம் படிப்பு முன்னால் போய்த் தொழிலை இழுத்தது. பி.எஸ்.ஜி. வளாகத்தில் பாடம் நடத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மோட்டாரும் பம்பும் செய்து விற்கிற பட்டறையும் இருந்தது. பையன் பாடத்தில் படித்தது காலையில், கையில் கிரீஸ் பட்டது மத்தியானம்.

கோவையைப் பார்த்துவிட்டு 'பல்கலைக்கழகம் இருக்கிறது, அதனால் வளர்ந்தது' என்று சொன்னால், கல்யாண வீட்டில் மேளம் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, மேளம் வாசித்ததால்தான் கல்யாணம் நடந்தது என்று சொல்வது மாதிரி.

நாமக்கல்லும் இந்த ரகம். கோழிப்பண்ணைகள் 1970-களிலேயே கிளம்பிவிட்டன. 1985-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. கோழிக்கு நோய் வந்தால் டாக்டரும் பரிசோதனைக் கூடமும் ஊருக்குள்ளேயே. அந்தக் காலேஜில் படித்துவிட்டு உள்ளூரிலேயே பிழைக்கலாம். அதே மாவட்டத்து இன்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் பஸ் ஏற வேண்டும்.

இங்கே இன்ஜினீயரிங் காலேஜ்களையும் சொல்லியாக வேண்டும். 1984 வாக்கில் தனியாருக்குக் கதவு திறந்தது. முப்பது வருஷத்துக்குள் 500-ஐத் தாண்டிவிட்டது. நெடுஞ்சாலை ஓரம், நிலம் மலிவாகக் கிடைத்த இடம் என்று பார்த்துக் கட்டினார்கள். கரூரில் வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடி கட்டுவதும் தொழில். சிவகாசியில் அச்சும் பட்டாசும். ராமநாதபுரத்தில் மீனும் மிளகாயும் உப்பும். காலேஜ்களில் மட்டும் எல்லா ஊரிலும் அதே நாலு பிராஞ்ச், அதே சிலபஸ்! மீனுக்கும் உப்புக்கும் படிப்பு இல்லையா? இருக்கிறது. பக்கத்தில் இல்லை. பிறகு சீட் நிரம்பாமல் எத்தனையோ காலேஜ்களுக்குப் பூட்டு விழுந்தது.

*

'எல்லா ஊருக்கும் பொருத்தமாகப் பிரித்துக் கொடுப்பது நடக்கிற காரியமா?' என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. உங்கள் வீட்டு அரிசி மூட்டையில் இருக்கிறது சாட்சி.

ஏ.டி.டி. 43 என்று ஒரு நெல். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. அம்பை 16. அம்பை என்றால் அம்பாசமுத்திரம். கோ 51. கோ என்றால் கோவை. பி.எம்.கே. என்றால் பரமக்குடி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு ஊர். அந்தந்த மண்ணுக்கு, அந்தந்தத் தண்ணீருக்கு ஏற்ற ரகத்தைக் கண்டுபிடிக்க அந்தந்த ஊரிலேயே ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். ஆடுதுறை நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. பல்கலைக்கழகம் கோவையில். அதன் கைகள் டெல்டாவிலும் தாமிரபரணிக் கரையிலும் வானம் பார்த்த பூமியிலும்.

கவனியுங்கள். மாவட்டத்துக்கு ஒரு துணைவேந்தர் போடவில்லை. அங்கே என்ன பயிர், என்ன வியாதி, என்ன தேவை என்று கேட்டு, அதற்கு நாலு விஞ்ஞானிகளை உட்கார வைத்தார்கள். பலன் அந்த ஊர் வயலிலேயே விளைந்தது. செலவும் வரவும் ஒரே கணக்கில்! விவசாயத்துக்குச் செய்ததை ஜவுளிக்கும் மீனுக்கும் உப்புக்கும் அதே அக்கறையோடு ஏன் செய்யவில்லை? என் விமர்சனம் மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

அறிவு பிறக்கிற இடம் ஒன்று, அது காசாகிற இடம் இன்னொன்று என்பது சென்னைக்கே நடக்கிறது. ஏத்தர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தெரியுமில்லையா? 2013-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கியது. ஐ.ஐ.டி.யே ஆரம்பத்தில் தாங்கிப் பிடித்தது. கம்பெனியின் தலைமையகம் பெங்களூருவில் அமைந்தது. தொழிற்சாலை ஓசூரில். சென்னைக்கு அது பெரிய நஷ்டமில்லை, அடுத்த ஏத்தர் வரும். ஆனால், சின்ன ஊர் ஒன்று வளர்த்துவிடும் பிள்ளைக்கு 'அடுத்தது' என்று ஒன்று இல்லை.

வெளியே போனவர்கள் பணம் அனுப்புகிறார்களே என்பீர்கள். உண்மை. கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள். 2011 சென்சஸில் 91 சதவிகிதத்துக்கும் மேல் எழுத்தறிவு, மாநிலத்திலேயே முதலிடம். படித்தவர்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்ச் சம்பாதித்து அழகான வீடுகள் கட்டுகிறார்கள். வீட்டில் அப்பா, அம்மா. பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை. அனுப்புகிற பணம் வீடாகிறது, நகையாகிறது. தொழிலாவது குறைவு.

ஊரை விட்டுப் போவது தப்பே இல்லை. போவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதுதான் தப்பு.

திரும்பி வரவும் வழி உண்டு. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைச் சம்பளம் கொடுத்துப் பழக்கி வேலையில் வைத்துக்கொள்கிற பள்ளியையும் அந்தக் கம்பெனி நடத்துகிறது. அங்கே வேலை முதலில் வந்தது, படிப்பு கூடவே வந்தது. கோவையின் பழைய பாடம்தான். ஆனால், ஒரு முதலாளியின் மனசை நம்பி ஒரு மாநிலத்தின் கொள்கையை நடத்த முடியாது.

இருக்கிற பல்கலைக்கழகங்களின் கதியையும் நினையுங்கள். 2024 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. 1857-ல் பிறந்த தாய்ப் பல்கலைக்கழகத்துக்கே சம்பளம் போட முடியாத நெருக்கடி என்றால், நாளை பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்?

அதனால், அடுத்த தேர்தலில் உங்கள் ஊர் மேடையில் ஒருவர் ஏறி, 'இந்தப் பகுதிக்குப் பல்கலைக்கழகம் கொண்டுவருவேன்' என்று சொன்னால், தாராளமாகக் கை தட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்.

இந்த ஊர்த் தொழிலில் எந்தப் பிரச்னையைத் தீர்க்க அது வருகிறது? அங்கே படித்தவனுக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் என்ன வேலை? பத்து வருஷத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் வயலிலேயே இரண்டு ஏக்கர் எழுதிக் கொடுங்கள், தப்பில்லை. பதில் இல்லையென்றால், 'அண்ணே, பஸ் ஸ்டாண்டைப் பெரிசாகக் கட்டிக் கொடுங்க. எங்க பிள்ளைங்க போகிறதுக்காவது வசதியாக இருக்கும்' என்று கேட்டுவிட்டு வாருங்கள். சுருக்கென்று தைக்கும்!